மலை மறைச்ச பிறை

நான் சொன்னா சொன்னதுதான். எங்க குப்பத்துல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க, பச்சையம்மா வாயைப் பத்திக் கதை கதையா சொல்லுவாங்க. அந்த வாயை வச்சிக்கினுதான் பழவேற்காட்டு ஏரிக்கரையில இருந்த என் குடும்பத்தைப் பேத்து வேலூர் மலையடிவாரத்துல கொண்டுபோய் நட்டேன். அதே வாயாலதான் ஒரு தப்பும் பண்ணேன். பெருமையை மட்டும் சொல்லிட்டுத் தப்பை முழுங்குற ஆளு நான் இல்ல. ரெண்டையும் சொல்றேன்.

எழுபத்திரெண்டாம் வருசம் ஆடி மாசம். எம் பொண்ணு செல்லியம்மா திருவள்ளூர்ல வாத்தியார் டிரெய்னிங் முடிச்சிட்டு ஊட்ல குந்திக்கினு இருந்தா. எங்க குப்பத்துல எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ண மொத பொண்ணு அவதான். ஒருநாள் தபால்காரரு சைக்கிளை மணல்ல தள்ளிக்கினே வந்து ஒரு கவரைக் குடுத்தாரு. வேலூர்ல முனிசிபல் பள்ளிக்கூடத்துல வேலை, பதினஞ்சு நாளுக்குள்ள வந்து சேரணும்னு இருந்துச்சு. அவ படிக்கப் படிக்க எனக்குக் கண்ணுல தண்ணி கட்டிக்கிச்சு. சந்தோசம்னா அப்படி ஒரு சந்தோசம்.

குப்பத்துல மட்டும் அது இழவு சேதி மாதிரி ஆயிடுச்சு. வேலூரா, அது மலை ஊராச்சே, குடிக்கத் தண்ணி கிடையாதே, பாலாறுல வெறும் மணலுதானே ஓடுதுன்னு ஆளாளுக்கு ஆரம்பிச்சிட்டாங்க. எங்க ஊட்டுக்காரரோட அண்ணன் பூவராகவன் மாமா, பொண்ணை ஏதாவது ஹாஸ்டல்ல சேத்துடு, நீங்க எதுக்குப் போறீங்கன்னாரு. கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனிங்க வரப்போவுது, இன்னும் கொஞ்ச வருசம் பொறுத்தா இங்கயே வேலை கிடைக்கும்னு சொன்னாரு. வராத கம்பெனிக்கு நான் காத்துக்கினு இருக்கணும், வந்த வேலையை எம் பொண்ணு விடணுமான்னு கேட்டேன். அதுக்கப்புறம் மாமா என்கிட்ட பேசறதை நிறுத்திட்டாரு.

நான் வாயால மட்டும் அடிக்கிறவ இல்ல. செல்லியை இழுத்துக்கினு கும்மிடிப்பூண்டியில ரயிலேறி, மெட்ராஸ்ல மாறி, காட்பாடியில எறங்கி வேலூரைப் பாத்துட்டே வந்தேன். மெட்ராஸ்ல இருக்கிற எங்க சொந்தக்காரன் வண்ணாரப்பேட்டையில ஒரே ஒரு ரூமுக்கு அறுபது ரூபா அழுவுறான். வேலூர்ல மலை ஓரமா ஓட்டு வீடு, ரெண்டு கட்டு, பின்னாடி கெணறு, வாடகை இருபத்தஞ்சு. மார்க்கெட்டு நடந்து போற தூரம். பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. ஊரும் ரொம்பப் பெருசும் இல்ல, சின்னதும் இல்ல, தொலைஞ்சு போனா கேட்டு வந்துடலாம். கருவாட்டுக் கடையில நின்னு வெலை கேட்டேன். எங்க ஊர்ல பூனைக்குக் கூடப் போடாத கருவாட்டைத் தங்கம் மாதிரி விக்கிறான். அப்பவே நான் முடிவு பண்ணிட்டேன்.

எங்க ஊட்டுக்காரரு பேரு தேசப்பன். பேச்சு கம்மி. நான் பேசறதுல பாதிக்கு அவரு தலையாட்டுவாரு, மீதிக்கு எழுந்து ஏரிப் பக்கம் போயிடுவாரு. அவரு வேலூரு வேணாம்னு சொல்லல. ஆனா ஒண்ணே ஒண்ணைக் கேட்டாரு. பாட்டுப் பங்கு இன்னா ஆவறதுன்னு கேட்டாரு.

பாடுன்னா தெரியாதவங்களுக்குச் சொல்றேன். எங்க ஏரியில நெனச்சவன் நெனச்ச எடத்துல வலை கட்ட முடியாது. எறா ஓடுற நல்ல எடங்களை எண்ணி வச்சிருக்காங்க, அதுக்குத்தான் பாடுன்னு பேரு. வருசத்துக்கு ஒரு தடவை கல்யாணமான ஆம்பளைங்க எல்லாம் அம்மன் கோயில் முன்னாடி குந்துவாங்க. எந்த நாள்ல யாருக்கு எந்தப் பாடுன்னு சீட்டுப் போடுவாங்க. பெரியதனக்காரரு பேரைக் கூப்பிடுவாரு, அந்த ஆளு ‘இருக்கேன்’னு சொல்லணும். மூணு தரம் கூப்பிட்டும் சத்தம் வரலன்னா பேரை அடிச்சிடுவாங்க. அடிச்ச பேரு மறுபடி ஏறாது. அதோட, குப்பத்துல அடுப்பு எரியற ஊட்டுக்குத்தான் பாடு. ஊட்டைப் பூட்டிட்டுப் போனவனுக்குக் கிடையாது.

பேரை அடிக்கிறது இன்னா மாதிரின்னு நாங்க கண்ணால பாத்திருக்கோம். இவரோட ஒண்ணா வலை கட்டின கூட்டாளி முனுசாமி. இருபது வருசம் ஒரே படகு. எழுபதுல விசக்காய்ச்சல் வந்து செத்துப் போச்சு. அடுத்த சீட்டுல, செத்துட்டான்னு ஊருக்கே தெரிஞ்சும், வழக்கம் விடக்கூடாதுன்னு மூணு தரம் முனுசாமி முனுசாமின்னு கூப்பிட்டாங்க. பொம்பளைங்க நிக்கிற பக்கம் அவன் பொண்டாட்டி கங்கம்மா வேப்ப மரத்தைப் புடிச்சிக்கினு நின்னா. புள்ளகுட்டி கிடையாது. பேரை அடிச்சிட்டாங்க. இவரு அங்கதான் ஆம்பளைங்களோட குந்திக்கினு இருந்தாரு, வாயைத் தொறக்கல. அன்னைக்கு ஊட்டுக்கு வந்து சோத்துல கையை வச்சிட்டு எழுந்து போயிட்டாரு. மறுநாளும் துன்னல.

அந்த மனுசன்தான் இப்ப என்கிட்ட சொன்னாரு, “பங்கு போச்சின்னா நான் வெறும் ஆளு, பச்ச. அது ஒண்ணு மட்டும் போவக்கூடாது.”

நான் பெரியபாளையத்து பவானியம்மா இருக்கிற தெசையைப் பாத்துக் கையை நீட்டினேன். பவானி மேல சத்தியமா உன் பங்கு போவாது, நான் பொறுப்புன்னேன். சொல்லும்போதே எப்படின்னு கணக்கும் போட்டுட்டேன். அடுப்பு எரியணும், அவ்ளோதானே. கங்கம்மா அப்ப அண்ணன் ஊட்டு ஓரத்துல ஒரு கீத்து மறைப்புல கிடந்தா, அண்ணிக்காரி பேஜாரு தாங்காம. நேரா அவகிட்டப் போயி, எங்க ஊட்ல வந்து இரு, வாடகையெல்லாம் ஒண்ணும் வேணாம், டெய்லி அடுப்பு மூட்டு, கூரைக்கு மேல பொகை வரணும்னு சொன்னேன். அவ தயங்கினா. உங்க அடுப்புல நான் எப்படிக்கா ஆக்கித் துன்றதுன்னா. எனக்கு வந்துச்சு கோவம்.

“மூட்டறவ அடுப்புதான்டி அது. போய் மூட்டு.”

ஊட்டுக்கு வந்து இவருகிட்டயும் இதை அப்படியே சொன்னேன். நல்லா ஞாபகம் வச்சிக்கோங்க, சொன்னது நான்தான்.

ஆவணியில வேலூருக்கு வந்துட்டோம். ரெண்டு டிரங்குப் பெட்டி, பாத்திர மூட்டை, ஒரு கூடை கருவாடு. இவரு எதையும் தூக்கிக்கினு வரல. வலை பின்ற ஊசியை மட்டும் இடுப்புல சொருகிக்கினு வந்தாரு. மொத மாசம் அவரைப் பாக்கவே எனக்குப் பாவமா இருந்துச்சு. அரிசி மண்டியில மூட்டை தூக்கற வேலை கிடைச்சுது, போவாரு, வருவாரு, பின்பக்கம் குந்திக்கினு மலையையே பாப்பாரு. காத்து வர்ற பக்கம் அடைச்சிக்கினு நிக்குதேன்னு ஒரு நாள் சொன்னாரு. நல்லதுதானே, புயலும் வராதுல்லன்னேன்.

எனக்கோ ஊரு ஒரே வாரத்துல புடிச்சிப் போச்சு. கூடையைத் தலையில வச்சிக்கினு தெருத்தெருவா போனேன். இது பழவேற்காட்டு ஏரி எறா, இது வாளை, இது காரப்பொடி மீனுன்னு கூவினா பொம்பளைங்க சூழ்ந்துக்குவாங்க. நான் பேசற பேச்சைக் கேட்டு மெட்ராஸ்காரின்னு பேரு வச்சிட்டாங்க. மெட்ராஸ்ல நான் ஒரு ராத்திரிகூடத் தங்கினதில்ல, இருந்தாலும் அந்தப் பேருக்கு மவுசு இருந்துச்சு, வச்சிக்கினேன்.

ஐப்பசியில செல்லி பள்ளிக்கூடத்துல இருந்து ஒரு கிழிஞ்ச வாலிபால் நெட்டைத் தூக்கிக்கினு வந்தா. புதுசு வாங்க சாங்ஷன் வரலியாம், நைனா கொஞ்சம் பாருன்னா. இவரு அதை வாங்கி மடியில போட்டு ஒரு கண்ணியை இழுத்துப் பாத்தாரு. இன்னா கேவலமான முடிச்சுன்னு சொன்னாரு. வேலூர் வந்து அவரு தெம்பா பேசின மொத வார்த்தை அதுதான்னு நெனைக்கிறேன். இடுப்புல இருந்து ஊசியை எடுத்தாரு. வெளக்கு வைக்கறதுக்குள்ள நெட்டு புதுசு மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் செல்லி பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் இன்னொரு பள்ளிக்கூடத்துக்குச் சொல்லி, அவங்க காலேஜுக்குச் சொல்லி, எங்க வாசல்ல எப்பப் பாத்தாலும் ஒரு நெட்டு தொங்கும். மண்டியில இருந்து வந்து நாஷ்டாகூடத் துன்னாம ஊசியை எடுப்பாரு. எனக்கு அப்பதான் மூச்சு வந்துச்சு.

தை பொறந்துச்சு. எங்க குப்பத்துல தை அமாவாசை கழிஞ்சு, பிறை என்னைக்குக் கண்ணுக்குத் தெரியுதோ அதுக்கு மறுநாள் காலையில சீட்டு. யாரும் காலண்டர் பாக்க மாட்டாங்க, சொல்லி அனுப்பவும் மாட்டாங்க. மானத்துல பிறையைப் பாத்தா போதும், பரதேசம் போனவன்கூட வந்து சேந்துடுவான். அதனால நான் கணக்கா ஏற்பாடு பண்ணேன். இவருக்கு மண்டியில ஒரே நாள்தான் லீவு. பிறை தெரிஞ்ச சாயந்திரமே கிளம்பி, காட்பாடியில ராத்திரி ரயிலைப் புடிச்சா, காலையில வெயில் ஏறறதுக்குள்ள குப்பம். சீட்டு ஆரம்பிக்க பத்து மணியாவது ஆவும்.

அமாவாசைக்கு மறுநாள் சாயந்திரம் நாங்க ரெண்டு பேரும் பின்பக்கம் நின்னு மேக்கால பாத்தோம். மானம் தொடைச்சு விட்ட மாதிரி இருந்துச்சு, ஒரு மேகம் இல்ல. மலை இருந்துச்சு, மலைக்கு மேல செவப்பு இருந்துச்சு, பிறை இல்ல. செல்லி உள்ள இருந்து காலண்டர் தாளைக் கிழிச்சிக்கினு வந்து, அம்மா, இன்னைக்குச் சந்திர தரிசனம்னு போட்டிருக்கு, கிளம்பிடுங்கன்னா. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. காயிதத்தை அச்சடிச்சவனுக்கு இன்னா தெரியும், நான் பொறந்ததுல இருந்து பிறை பாக்கறவ, என் கண்ணுல படாத பிறை எவன் கண்ணுல படும்னு கேட்டேன். அவ வாத்திச்சி பாருங்க, விடல. ஒருநாள் முன்னாடி போனா இன்னா குடி முழுகிடுமான்னா. ஒருநாள் லீவை வீணாக்கிட்டு மறுநாள் உங்க நைனா மண்டிக்கு யாரை அனுப்புவாருன்னு அடக்கிட்டேன். இவரு என் மொகத்தையும் மலையையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. நீ பிறை இல்லன்னு சொன்னா இல்லதானேன்னுட்டு உள்ள போயிட்டாரு.

மறுநாள் சாயந்திரம் மலைக்கு மேல எவ்ளோ ஒசரத்துல, பளிச்சுன்னு பிறை நின்னுச்சு. பாத்தியான்னு செல்லிகிட்ட ஜம்பமா காட்டிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுட்டுக் கிளம்பினோம். பொழுது விடிய மெட்ராஸ், அங்க இருந்து மொத வண்டியில கும்மிடிப்பூண்டி, ஸ்டேஷனாண்ட ஆளுக்கொரு டீ. ஒரு மாட்டு வண்டிக்காரன் பாதி தூரம் ஏத்திக்கினு போனான். வழியெல்லாம் நான்தான் பேசிக்கினு வந்தேன். இவரு புது வேட்டி கட்டி, தலையை வாரி, மாப்பிள்ளை மாதிரி இருந்தாரு.

ஏரி கண்ணுல பட்டுச்சு. கோயில் முன்னாடி யாரும் இல்ல. தண்ணியில கழி நட்டு வலை கட்டிக்கினு இருக்காங்க. சீட்டு போடறதுக்கு முன்னாடி எவனும் கழி நடமாட்டான். இவரு அப்படியே நின்னுட்டாரு. பூவராகவன் மாமா கரையில இருந்து எங்களைப் பாத்துட்டு வந்தாரு. ஆறு மாசமா பேசாதவரு, தலைகுனிஞ்சிக்கினு பேசினாரு. நேத்தே முடிஞ்சிடுச்சு, முந்தாநேத்து சாயந்திரமே பிறை கண்டுட்டோமேன்னாரு. நான் விடல. முந்தாநேத்து மானத்துல பிறையே கிடையாது, நாங்க ரெண்டு பேரும் நின்னு பாத்தோம், எவன் கண்டான் சொல்லுன்னு கத்தினேன்.

இவருதான் என் தோளைத் தொட்டாரு.

“மலை, பச்ச. பிறை மலைக்குப் பின்னாடி இருந்திருக்கு.”

நான் ஏரியைப் பாத்தேன். மேக்கால கண்ணுக்கெட்டின வரைக்கும் மட்டமா, ஒரு மேடு இல்லாம கிடக்குது. இங்க மொத நாள் பிறை நூல் மாதிரி தரையை ஒட்டித் தெரியும். அது அங்க தெரியாதுன்னு எனக்கு ஒறைக்கவே இல்லியே. காசு இருக்கா, நேரம் இருக்கா, லீவு இருக்கான்னு எல்லாத்தையும் பாத்தவ, எதுத்தாப்புல நிக்கிற மலையைப் பாக்காம விட்டேனே. சத்தியம் பண்ண கையை வெட்டிப் போடலாம் போல இருந்துச்சு.

மாமா அப்புறம் மீதியைச் சொன்னாரு. தேசப்பன்னு மூணு தரம் கூப்பிட்டாங்களாம். ரெண்டு தரம் சத்தமே இல்ல. மூணாந் தரம் பொம்பளைங்க பக்கத்துல இருந்து ‘இருக்கேன்’னு ஒரு கொரலு வந்துச்சாம். எல்லாரும் திரும்பினா கங்கம்மா. அதே வேப்ப மரம். எல்லாரும் கூச்சல் போட்டும் அவ நகரலியாம். அந்த ஊட்ல அடுப்பு எரியுது, நான்தான் மூட்டறேன், பேரை அடிக்காதீங்கன்னு சொல்லிட்டு முன்னாடி வந்து சீட்டை எடுத்துட்டாளாம். எடுத்தது எது தெரியுமா? கழிமுகத்தாண்ட இருக்கிற பாடு, மொத வாரம். ஏரியிலயே அதுக்கு மேல எடம் கிடையாது. எங்க பங்கு போயிடக் கூடாதுன்னு அத்தனை ஆம்பளைங்க நடுவுல போய் நின்னிருக்கா.

எடுத்த சீட்டைத் திரும்பப் போட வழக்கம் இல்ல. அதனால தேசப்பன் வந்து சொல்லட்டும்னு விட்டு வச்சிருந்தாங்க. எங்களைப் பாத்ததும் பெரியதனக்காரரு ஆதிகேசவன் ஆளுங்களைக் கூப்பிட்டாரு. வேப்ப மரத்தடியில நாங்க நின்னோம். கங்கம்மா தூரமா நின்னு முந்தானையைக் கடிச்சிக்கினு இருந்தா. அவரு விசயத்தைப் பிரிச்சு வச்சாரு. கூப்பிட்டப்ப நீ இல்ல. ஆனா உன் ஊட்ல அடுப்பு எரிஞ்சுது. அந்த அடுப்பு உன்னுதுன்னா, அவ உனக்காகப் பேசினான்னு எடுத்துக்கறோம், பங்கு உனக்கே. அடுப்பு அவளுதுன்னா பங்கும் அவளுது, உன் பேரை அடிச்சு அவ பேரை ஏத்தறோம். பொம்பளை பேரு இதுவரைக்கும் ஏறினது கிடையாது, ஆனா சீட்டு எடுத்தாச்சு. கிடைக்கறதுல பாதி குடுத்து அவ ஆள் வச்சி வலை கட்டிக்கட்டும். ரெண்டுல ஒண்ணைச் சொல்லுன்னாரு.

எனக்குப் போன உசிரு திரும்பி வந்துச்சு. ஒரே வார்த்தைதானே. எங்க அடுப்பு, நான் கல்லு நட்டு மண்ணு பூசின அடுப்பு. வாயைத் தொறந்துட்டேன். அதுக்குள்ள, என்னைக்கும் முந்திக்கினு பேசாத மனுசன் முந்திக்கிட்டாரு.

“கங்கம்மா அடுப்பு.”

பெரியதனக்காரரு, நல்லா யோசிச்சுச் சொல்லு, அடிச்ச பேரு திரும்ப ஏறாதுன்னாரு. இவரு என் பக்கம் திரும்பி, “நீதானே சொன்ன, மூட்டறவ அடுப்புன்னு”ன்னாரு. அப்புறம் ஊரைப் பாத்து, “முனுசாமி பேரைக் கூப்பிட்டப்ப நான் இங்கதான் வாயை மூடிக்கினு குந்தியிருந்தேன். என் பேரைக் கூப்பிட்டப்ப கங்கம்மா வாயைத் தொறந்துச்சு”ன்னாரு.

அவ்ளோதான் பேசினாரு. எனக்கு வாயடைச்சுப் போச்சு. என் ஜென்மத்துல அப்படி ஒரு தடவைதான் ஆயிருக்கு. கங்கம்மா வேணாம் வேணாம்னு அழுதுக்கினே ஓடி வந்தா. இவரு இடுப்புல இருந்து மடிப்புக் கத்தியை எடுத்து, அவ கட்டப்போற வலைக்குக் கழி வெட்டித் தரேன் வான்னு தோப்புப் பக்கம் நடந்துட்டாரு. மாமாவும் பின்னாலயே போனாரு. அன்னைக்குப் பொழுதுக்குள்ள அண்ணனும் தம்பியும் எறங்கி கங்கம்மாவோட மொத வலையைக் கட்டினாங்க. மண்டி லீவு முடிஞ்சு போச்சேன்னு யாரும் நெனைக்கல, நான்கூட.

திரும்பி வர ரயில்ல நான் அழுதேன். பவானி மேல சத்தியம் பண்ணேனே, காப்பாத்தாம விட்டுட்டேனேன்னு சொன்னேன். இவரு ஜன்னல் வழியா பாத்துக்கினே சொன்னாரு.

“பங்கு போவலியே. கங்கம்மாகிட்ட இருக்குது.”

வேலூர் வந்து இப்ப ஒரு வருசத்துக்கு மேல ஆவுது. மண்டி வேலையை விட்டாச்சு, நெட்டு வேலைக்கே நேரம் பத்தல. மாசத்துக்கு ரெண்டு தரம் கங்கம்மா காஞ்ச எறாவைக் கூடையில கட்டிக் காட்பாடிக்கு ரயில்ல போடுவா, நான் போய் எடுத்துக்கினு வருவேன். ஊடு கட்டறதுக்கு மலையாண்டயே ஒரு மனை பாத்து வச்சிருக்கேன். சீட்டுக்குப் போய் வந்த மாசமே செல்லி சம்பளத்துல மொத வேலையா பெரிய டெய்லி காலண்டர் ஒண்ணு வாங்கி, என் கண்ணு படற எடமா பாத்து ஆணியடிச்சு மாட்டினா. வாத்திச்சி புத்தி போவுமா. டெய்லி தாளைக் கிழிக்கிறது இப்ப நான்தான்.

இந்தத் தையில அமாவாசைக்கு மறுநாள், காலண்டரைப் பாத்துட்டு, நானும் அவருமா மலை மேல ஏறினோம். எனக்கு மூச்சு வாங்கிச்சு, வழியெல்லாம் மலையைத் திட்டிக்கினே ஏறினேன். உச்சியில நின்னா அந்தப் பக்கம் ஊரு, வயலு, அதுக்கும் அப்பால ஒண்ணுமே இல்லாத மானம். அவருதான் மொதல்ல பாத்தாரு. நூல் மாதிரி இருந்துச்சு. கையெடுத்துக் கும்பிட்டுட்டு ரொம்ப நேரம் நின்னாரு.

நாளைக்குக் காலையில கங்கம்மான்னு கூப்பிடுவாங்க, மொத தரத்துலயே இருக்கேன்னு சொல்லும்னாரு. நல்லா கத்திச் சொல்லட்டும்னு நான் சொன்னேன்.